இளைத்த ஆளாகப் பார்த்து

கேள்வி: ஹெவிவெயிட் சாம்பியன்கள் இளைத்த ஆளாகப் பார்த்துத்தான் மோதுவார்கள் என்கிறான் நண்பன். முகமது அலியுமா?
– வாசகர், கஞ்சிக்கோடு

பதில்: அலியும்தான். 1975 அக்டோபரில் மணிலாவில் ஃப்ரேசியரோடு 14 சுற்று. அடுத்த சண்டை, 1976 பிப்ரவரியில், பெல்ஜியத்தின் கூப்மேனோடு. ஐந்தாம் சுற்றிலேயே ஆளைப் படுக்க வைத்துவிட்டார். மணிலாவில் அத்தனை அடி வாங்கியவருக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாதா? (1980-ல் சென்னையில் ஜிம்மி எல்லிஸோடு ஆடியது காட்சிப் போட்டி, அதைச் சேர்க்காதீர்கள்.)

உங்கள் நண்பர் பிடிக்க வேண்டிய ஆள் ரிடிக் போவ். லெனாக்ஸ் லூயிஸோடு மோத மனமில்லாமல், 1992 டிசம்பரில் லண்டனில் நிருபர்கள் கண்ணெதிரே தன் டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) சாம்பியன் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில், இரண்டாம் சுற்றிலேயே லூயிஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்திருக்காது! தொழில்முறையில் இருவரும் கடைசிவரை மோதவே இல்லை.