நூலும் நூற்கட்டையும்

மருதமுனைத் தறிவீடுகளிலே நூலைக் கட்டையிற் சுற்றுவதை நாம் சிறு வயது முதலே கண்டு வந்திருக்கிறோம். நூல் நன்றாயினும் சுற்று இறுகிவிட்டால் வேண்டிய வேளையில் இழை வராது. தளர்ந்துவிட்டால் வேண்டாதபோதும் அவிழ்ந்து சிக்கும். நம் உடற்கலங்களுள்ளும் இத்தகையதொரு சுற்று உண்டு.

ஒரு கலத்தின் டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் வரும். கண்ணுக்குப் புலப்படாத கருவினுள் அஃது அடங்கியிருப்பது, ஹிஸ்டோன் என்னும் புரதக் கட்டைகளிற் சுற்றப்பட்டிருப்பதனாலேயாம். 1884இல் அல்பிரெக்ற் கொசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் வாத்தின் குருதிக் கலங்களிலிருந்து இப்புரதத்தைப் பிரித்தெடுத்தார். கட்டையினின்று நீளும் வாற்பகுதியில் மெதைற் கூட்டம் முதலிய சிறு குறிகள் இடப்படுகின்றன. எந்தப் பரம்பரையலகு விழித்திருக்கும், எஃது உறங்கும் என்பது பெரிதும் அக்குறிகளைப் பொறுத்தது.

புற்றுநோய்க்கு இக்கட்டையே காரணமாகலாம் என்பது 2012இல் தெளிவாயிற்று. சிறுவரின் மூளைத்தண்டிலே தோன்றும் கொடிய கட்டியில், எச்3 என்னும் ஹிஸ்டோனின் 27ஆம் இடத்து லைசின் மெதியோனினாக மாறியிருந்தது. வியப்பு யாதெனின், எச்3ஐ ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 15 உள. அவற்றுள் ஒன்றன் ஒரு பிரதியே பழுதுற்றிருந்தது. ஊரிலே பதினைந்து தச்சர் நல்ல கட்டை செய்துகொண்டிருக்க, ஒருவர் செய்த கோணற் கட்டை, குறியிடுவோனின் கையையே பற்றி நிறுத்திவிட்டாற்போன்றது இது. உறங்க வேண்டியவை விழிக்கின்றன. கலம் முதிராமல் பெருகிக்கொண்டே போகின்றது.

நம் கரைக்கு அண்மையது வாய்ப்புற்றுநோய். இலங்கை ஆடவரிடையே முதன்மையான புற்றுநோய் அதுவே. வாய், தொண்டைப் புற்றுகள் சிலவற்றில் எச்3இன் 36ஆம் இடமும் அவ்வாறே பழுதுற்றிருத்தலை 2017இல் மொன்றியல் ஆய்வாளர் கண்டனர். அதற்கு முன்பே, 2013இல், இந்திய ஆய்வாளர் ஈறு, கன்னப் புற்றுகளை ஆராய்ந்தபோது, பழுதுற்ற பரம்பரையலகுகளுள் ஹிஸ்டோனிற் குறியிடும் புரதத்துக்குரியதும் ஒன்றாயிருந்தது. எந்தப் பழுதை எந்தத் தாம்பூலம் விளைத்தது என்று எவராலும் கூறவியலாது. ஆயினும் பாக்கு, புகையிலை சேராவிடினும், தானே புற்றுநோய் விளைக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் வெளியிட்டுவிட்டது.

கலியாண வீட்டிலே வெற்றிலை வட்டாவை விலக்குதல் எளிதன்று. நாமும் அதன் அருகே அமர்ந்தவர்களே. வாயினுள் வெண்படலமோ செம்படலமோ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, வாய் திறக்கவொட்டாத இறுக்கமோ காணின் உடனே பல் வைத்தியரிடம் காட்டல் வேண்டும். வெண்படலம் பெரும்பாலும் நோவதில்லை. அதனாலேயே பலரும் காட்டாது விடுகின்றனர்.