கர்ப்போட்டத்தை நம்பி விதைக்கலாமா?

மார்கழியில் சூரியன் பூராடத்தில் நிற்கும் சுமார் 14 நாட்களில் மேகம் ஓடுவதைக் கவனிப்பது கிராமத்து வழக்கம். இதுவே கர்ப்போட்டம். அந்நாட்களில் மேகம் சூல் கொள்வதாகவும், மழை கொட்டிவிட்டால் சூல் கலைந்துவிடுவதாகவும் பெரியவர்கள் சொல்வர். கலைந்தால் வரும் பருவத்தில் மழை குறையும் என்பது கணக்கு. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையிலும் இக்கருத்து உண்டு. சூல் கொண்ட நாளிலிருந்து 195-ஆம் நாள் மழை என்கிறது அந்நூல்.

கோவில்பட்டி, சாத்தூர் பகுதிக் கரிசல் மானாவாரி விவசாயிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து 195 நாள் எண்ணினால் ஜூலை நடுவில், ஆடி பிறக்கும் சமயத்தில் வந்து நிற்கும். அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். கரிசலில் பயிரை வளர்ப்பதோ ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. ஆகவே கர்ப்போட்டம் கலைந்தது என்று நிலத்தைத் தரிசு போடுவதும், நன்றாக ஓடியது என்று கடன்பட்டு விதை வாங்குவதும் சரியல்ல.

ஓரிரு நாள் குறிகள் வேறு வகை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதும், தட்டான் தாழப் பறப்பதும் காற்றில் ஈரம் ஏறியதை ஒட்டியவை. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுவது மிக உயரத்திலுள்ள மெல்லிய மேகத்தின் பனித்துகள்களால். மழை மேகத்துக்கு முன்னோடியாக இது வருவதுண்டு. சும்மா கலைந்து போவதும் உண்டு. ஈசலோ பெரும்பாலும் மண் நனைந்த பிறகே புறப்படுகிறது. இக்குறிகளுடன் வானிலை அறிக்கையையும் கேட்டு, மருந்து தெளிப்பதையோ மேலுரம் இடுவதையோ ஒரு நாள் தள்ளிப்போடலாம். அவ்வளவுக்கு அவை உதவும்.

மழை தாமதித்தாலும் தாங்குவதற்கு விதையைக் கடினப்படுத்துவதே வழி. 1 கிலோ சோள விதைக்கு 350 மில்லி தண்ணீரில் 7 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைக் கரைத்து, அதில் விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்த வேண்டும். பருவமழை பிடிப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே புழுதியில் 5 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம். மேலாக விழுந்த விதை சிறு தூறலுக்கே முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடப்பது நல்ல மழை பெய்து ஈரம் இறங்கிய பின்னரே முளைக்கும். அப்படியும் மறு விதைப்புக்கென ஒரு பங்கு விதையை வீட்டில் நிறுத்தி வைப்பது நல்லது.