அல் ஹிஜ்ர்: பார்க்கச் செல்வோருக்கு ஒரு பாடம்

பாலைவனம் என்றதும் மணல், ஒட்டகம், ஈத்த மரம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் வறண்ட காற்று, மழை வளமுள்ள நாடுகளில் விரைவில் அழிந்துவிடும் பலவற்றைப் பாதுகாத்தும் வைத்திருக்கிறது. சவூதி அரேபியாவின் வடமேற்கில், அல் உலா நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீற்றர் தூரத்திலுள்ள அல் ஹிஜ்ர் இதற்குச் சிறந்த உதாரணமாகும். மதாயின் ஸாலிஹ் என்றும் இதனை அழைப்பர். 2008 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இவ்விடமே, அந்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பிடித்த முதலாவது இடமாகும்.

ஒரே மண், இரு வரலாறுகள்

அல்குர்ஆனின் 15 ஆவது அத்தியாயத்தின் பெயர் அல் ஹிஜ்ர். மலைகளைக் குடைந்து வீடுகள் அமைத்த ஸமூத் கூட்டத்தாரையும், அவர்களுக்கு அனுப்பப்பட்ட நபி ஸாலிஹ் (அலை) அவர்களையும், அத்தாட்சியாக வந்த பெண் ஒட்டகத்தையும் நாம் சிறு வயதிலேயே கற்றிருக்கிறோம். எனவே அங்குள்ள பாறை முகப்புகளின் படங்களைக் கண்டதும், "இவைதான் ஸமூத்தின் வீடுகள்" என்று பலரும் கூறிவிடுகின்றனர்.

ஆனால் இன்று நாம் காணும் அந்த முகப்புகள் வீடுகளுக்குரியவை அல்ல, கல்லறைகளுக்குரியவை. ஜோர்தானிலுள்ள பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு, நறுமணப் பொருள் வணிகத்தில் செழித்த நபாத்தியர், கி.மு. முதலாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதலாம் நூற்றாண்டுக்கும் இடையில் அவற்றைச் செதுக்கினர். மொத்தம் 111 பெரிய கல்லறைகள் உள்ளன. அவற்றுள் 94 அலங்கார வேலைப்பாடுடையவை. தனித்து நிற்கும் கஸ்ர் அல் ஃபரீத் என்ற கல்லறையின் அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை. சிற்பிகள் மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்தனர் என்பதை அதுவே காட்டுகிறது.

பல கல்லறைகளின் வாசலுக்கு மேல் கல்வெட்டுகள் உள்ளன. உரிமையாளரின் பெயர், மன்னரின் ஆட்சியாண்டு, கல்லறையை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்ற தடை, மீறினால் தண்டம் என்பன அவற்றில் காணப்படுகின்றன. வஹ்பு என்பவரின் மகளான ஹீனத் என்ற பெண், தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் சந்ததியினருக்குமாக ஒரு கல்லறையை அமைத்தாள் என்பதையும் இப்படியொரு கல்வெட்டே சொல்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் தன் பெயரில் சொத்து வைத்திருந்தாள் என்பதை வாசித்தபோது நான் வியந்தேன். அந்த நபாத்திய எழுத்திலிருந்தே இன்றைய அரபு எழுத்து வளர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

போகலாமா?

எங்கள் உறவினர் சிலர் உம்ராவுக்குப் புறப்பட்டபோது அல் உலாவுக்கும் செல்ல விரும்பினார்கள். "அழிக்கப்பட்ட கூட்டத்தாரின் இடத்துக்கு உலாத்தப் போவதா?" என்று உம்மம்மா கேட்டார். "படிப்பினை பெறத்தானே போகிறார்கள்" என்றார் வாப்பா. அந்த விவாதமே இவ்விடம் பற்றி என்னைத் தேடி வாசிக்கத் தூண்டியது.

உம்மம்மாவின் தயக்கத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஹிஜ்ரி 9 இல் தபூக் நோக்கிச் செல்லும் வழியில் நபி (ஸல்) அவர்கள் இவ்விடத்தைக் கடந்தார்கள். அழுதவர்களாக அன்றி இங்கு நுழைய வேண்டாம் எனத் தோழர்களுக்குக் கூறி, தமது தலையை மறைத்துக்கொண்டு விரைந்து சென்றார்கள். அங்குள்ள கிணற்று நீரால் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடுமாறும், ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீரருந்திய கிணற்றிலிருந்து மட்டும் நீர் எடுக்குமாறும் கட்டளையிட்டார்கள். இதனாலேயே, பொழுதுபோக்குக்காக அங்கு செல்வதை மார்க்க அறிஞர் பலர் விரும்புவதில்லை. சிந்தித்து அச்சம் கொள்ளும் உள்ளத்தோடு செல்வதை அனுமதிப்போரும் உள்ளனர்.

என் எண்ணம் இதுதான்: போவதா, இல்லையா என்பதைப் போலவே, எப்படிப் போகிறோம் என்பதும் முக்கியமானது. ஒரு கூட்டத்தின் முடிவு நிகழ்ந்த இடத்தில் சிரித்து விளையாடுவது உள்ளத்தின் மரத்துப்போன நிலையையே காட்டும்.

செல்வோர் பேண வேண்டியவை

முன்கூட்டியே நுழைவுச் சீட்டுப் பெற்று, வழிகாட்டியுடன் செல்ல வேண்டும். முகப்புகள் மணற்பாறையால் ஆனவை; காற்றும் உப்பும் ஏற்கனவே அவற்றை அரித்து வருகின்றன. ஒருவர் தொட்டால் சில மணற்துகள்கள்தான் உதிரும். ஆனால் தினமும் நூறு பேர் தொட்டால் கல்வெட்டின் ஓர் எழுத்தே மறைந்துவிடும். ஆகவே தொடாதீர்கள், ஏறாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள், நினைவுக்கென்று ஒரு சிறு கல்லையும் எடுத்து வராதீர்கள். போதிய நீருடன், வெயில் தணிந்த வேளையில் செல்லுங்கள். புறப்படும் முன் ஸமூத்தின் வரலாற்றையும் நபாத்தியரின் வரலாற்றையும் வாசித்துச் செல்லுங்கள்.

தம் கல்லறைக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று நபாத்தியர் கல்லில் எழுதி வைத்தார்கள். அவ்விடத்தைப் பணிவோடு கடந்து செல்ல நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தோழியரே, நாளை உங்களில் ஒருவருக்கு அங்கு செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், இவ்விரண்டையும் மனதில் இருத்திக்கொண்டு செல்லுங்கள்.