வறுமை வேறு, எளிமை வேறு

செஞ்சியை அடுத்த தொண்டூரில், சமண முனிவர்கள் படுத்துறங்கப் பாறையில் வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தர்மத்தைச் செய்தவர்களின் செய்தி பழைய தமிழ் பிராமி எழுத்தில் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. படுக்கக் கல், உண்ணப் பிச்சை. அதற்கு மேல் அம்முனிவர்களுக்கு உடைமை இல்லை. ஆயினும் ஊரார் அவர்களைக் கைகூப்பி வணங்கினார்கள்.

அதே வட்டாரத்தில் செஞ்சிக் கோட்டைக்குள் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை அந்தக் கோட்டையைச் சூழ்ந்து நின்றது. களஞ்சியத்து நெல் மதிலுக்கு உள்ளே இருந்தவர்களின் பசிக்கு; அதை விளைவித்த குடியானவனோ மதிலுக்கு வெளியே. அவனுக்கும் உடைமை இல்லை. அவனை யாரும் வணங்கவில்லை.

இருவரிடமும் பொருள் இல்லை. ஒருவருடையது தாமே ஏற்றது, அது எளிமை. மற்றவருடையது பிறர் சுமத்தியது; அது வறுமை. எளிமை மனிதனை உயர்த்தும், வறுமை அவனைக் குனியவைக்கும். இந்த வேறுபாட்டை அறிந்தால்தான் அய்யா வைகுண்டர் எளியோருக்குச் செய்த தர்மத்தின் ஆழம் விளங்கும்.

அய்யா 1809-ஆம் ஆண்டு சாஸ்தான்கோவில்விளையில் ஏழைக் குடும்பத்தில் அவதரித்தார். பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். எளிய குலத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு பெயரா என்று மேலோர் தடுத்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. அன்றைய தென்திருவிதாங்கூரில் ஏழைக்குத் தன் பிள்ளையின் பெயர்கூடச் சொந்தமில்லை. தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும் வரி. கூலியில்லாத ஊழியம் வேறு. முழங்காலுக்குக் கீழே வேட்டி தாழக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, தண்ணீர்க்குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. பொருளைப் பறித்த கையே மானத்தையும் பறித்தது.

இப்படிப்பட்ட வறுமை மனித குணத்தை என்ன செய்யும்? நாளைக்கு உலை வைக்க அரிசி இல்லாதவன் அடுத்த ஆண்டைப் பற்றி நினைக்க மாட்டான். வரி கேட்டு வருபவனிடம் உண்மை சொன்னால் இருப்பதும் போகும் என்பதால் மறைக்கப் பழகுவான். மேலே இருப்பவனிடம் காட்ட முடியாத கோபத்தை மனைவி மீதும் பக்கத்து வீட்டான் மீதும் காட்டுவான். நோய் வந்தால் மருந்துக்கு வழியில்லாமல் பேய்க்குப் பயந்து, கடன் வாங்கி ஆடும் கோழியும் பலியிடுவான். கடன் அவனை இன்னும் தாழ்த்தும். பயமும் பொய்யும் சண்டையும் இவ்வாறே ஒரு குடிக்குள் புகுகின்றன.

பிறகு சமுதாயம் அவனைப் பார்த்து, ‘இவர்கள் குணமே இப்படித்தான், அதனால்தான் ஏழையாக இருக்கிறார்கள்’ என்று சொல்லும். காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் புரட்டிச் சொல்லும் இந்தப் பேச்சே கலியின் மாயை. ஏழையே அதை நம்பத் தொடங்கும்போது வறுமை முழுமையடைகிறது.

அந்தப் பேச்சு பொய் என்பதற்குத் துவையல் தவசே சாட்சி. அய்யாவின் கட்டளைப்படி 700 குடும்பங்கள் வாகைப்பதியிலும் பின்னர் முட்டப்பதியிலும் கடலோரத்தில் தங்கித் தவமிருந்தன. நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, ஒருவேளை மட்டும் உண்டார்கள். முன்பும் அவர்கள் அரைவயிறு உண்டவர்களே. முன்பு உண்டது வரியும் ஊழியமும் விட்டுவைத்த மிச்சம். இப்போது உண்டது தாமே உறுதிகொண்டு ஏற்ற அளவு. சுமத்தப்பட்ட பசியை அய்யா தவமாக மாற்றினார். தூய்மையும் ஒழுங்கும் ஒற்றுமையும் அவர்களிடம் நிலைத்தன. தாழ்ந்த குணம் பிறவியிலேயே வந்ததென்றால் சில மாதத்தில் அது மாறியிருக்குமா? மாறியது. ஆகவே அது குணம் அல்ல, சுமை அழுத்திய தழும்பு.

அய்யா மனத்தை மட்டும் மாற்றச் சொல்லி நிறுத்தவில்லை. சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வெட்டி எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கவும் அதைக் குடிக்கவும் வைத்தார். தலைகுனிந்து நின்ற ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். காணிக்கையும் பலியும் வேண்டாமென்று விலக்கி, ஏழையின் கடனுக்கு ஒரு வாசலை அடைத்தார். நிழல்தாங்கல்களில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் கிடைத்தது. பசிக்கு அன்னம், மானத்துக்குத் தலைப்பாகை, நாளைக்குக் கல்வி என்று வறுமை பறித்த மூன்றையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தார்.

இதிலே அன்புக்கொடி மக்களுக்கு ஒரு பாடம் உண்டு. அன்னம் கொடுப்பதெல்லாம் தர்மமாகிவிடாது. கொடுப்பவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி, வாங்குபவனை வெயிலில் வரிசையில் நிறுத்தினால் வயிறு நிறையும், கழுத்து இன்னும் குனியும். கொடுத்தவனும் வாங்கினவனும் ஒரே பந்தியில் அருகருகே அமர்ந்து உண்ணும்போதே அது அய்யா காட்டிய அன்னதர்மம். தாங்கலுக்கு அழுக்குத் துணியோடு ஒருவன் வந்தால் முகம் சுளிக்குமுன், அந்த அழுக்கை அவன்மேல் ஏற்றிய சுமை எது என்று கேட்க வேண்டும். அவன் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, கந்துவட்டியில் சிக்கியிருக்கிறானா என்று விசாரித்து, மறுநாளும் அவன் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

பொருள் உள்ளவன் தானே எளிமையை ஏற்றால் இல்லாதவன் மேல் இருக்கும் வறுமை குறையும். களஞ்சியத்தின் கதவு உள்ளிருந்துதான் திறக்க வேண்டும். பதியில் நிலைக்கண்ணாடி முன் நிற்கும் ஒவ்வொருவரும் தம் முகத்தோடு, தமக்குப் பின்னால் நிற்கும் ஏழையின் முகத்தையும் அதே கண்ணாடியில் காண்கிறார்கள். இரண்டுக்குள்ளும் இருப்பவர் ஒருவரே.

அய்யா உண்டு.