படத்தோட ஓரத்துல ஒரு பேர் இருக்கு, பாத்திருக்கீங்களா?

ஓம் சரவணபவ!

கிருத்திகை, சஷ்டி வந்தா போதும், நம்ம குரூப்ல முருகன் படமா வந்து குவியுது. கும்பிட்டுட்டு அடுத்த குரூப்புக்கு அனுப்பிடறோம். அதை வரைஞ்ச கை யாரோடதுன்னு யோசிச்சிருக்கோமா? இன்னைக்குப் பாடம் அதைப் பத்தித்தான்.

பழைய காலண்டர் படம் வந்தா, முதல்ல கீழ் ஓரத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. சிலதுல சி. கொண்டையராஜு என்ற கையெழுத்து இருக்கும். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படிச்சவர், ரமண மகரிஷியின் ஆசிரமத்திலும் கொஞ்ச காலம் இருந்தவர். அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையப் போய், கடைசியில் கோவில்பட்டியிலேயே தங்கிட்டார். பக்கத்துலயே சிவகாசி அச்சகங்கள். அங்கிருந்து அவரும் அவர் சீடர்களும் வரைஞ்ச சாமி படங்கள் நம்ம தாத்தா பாட்டி வீட்டுச் சுவருக்கெல்லாம் போய்ச் சேர்ந்துச்சு.

நாடகத்துல வேலை பாத்தவர்னு தெரிஞ்சுக்கிட்டு மறுபடி அந்தப் படங்களைப் பாருங்க. பின்னால தூணும் மலையும் மேடைத் திரை மாதிரியே விரியும். சாமி நேரா நம்மளைப் பாத்து நிப்பார். கருவறை வாசல்ல நாம நிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு இது புரிஞ்ச அன்னைக்கு எங்க வீட்டுப் படத்தை அரை மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அவருக்கு முன்னாடி ராஜா ரவிவர்மா. 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கி, சாமி படங்களை வீடு வீடா கொண்டு சேர்த்தவர். அவர் வரைஞ்ச சண்முகர், வள்ளி தெய்வானையோடு மயில் மேல இருக்கிற படம், இணையத்துல சுலபமா கிடைக்கும். விக்கிமீடியா காமன்ஸ்ல பெரிய அளவிலேயே அவர் படங்கள் இருக்கு. கோயில் சிற்பம் பிடிக்கும்னா "சில்பி" வரைஞ்சதைத் தேடுங்க. ஆனந்த விகடன்ல "தென்னாட்டுச் செல்வங்கள்" தொடருக்கு வரைஞ்சவர். கல்லுல இருக்கிற நகை வேலைப்பாட்டைக் கோட்டுலயே கொண்டு வந்திருப்பார்.

கையெழுத்து இல்லாத படமா? கூகுள் லென்ஸ்ல போடுங்க. அதே படத்தோட முழுசான, வெட்டாத பிரதி எங்கேயாவது இருந்தா பேரும் அதுல இருக்கலாம். லென்ஸ் சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க, ரெண்டு மூணு இடத்துல ஒத்துப் பாருங்க. கம்ப்யூட்டர் தானா உருவாக்கின படமும் இப்போ நிறைய சுத்துது. ஆறுமுகனுக்குப் பன்னிரண்டு கை. எண்ணிப் பாருங்க, ஒன்பதோ பதினாலோ வரலாம்!

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். போன தைப்பூசத்துக்கு நம்ம பக்கத்தோட பேர் போடணும்னு ஒரு பழைய படத்தோட கீழ் ஓரத்தை நானே வெட்டினேன். அப்புறம்தான் பாத்தேன், வெட்டின துண்டுலதான் ஓவியர் பேர் இருந்துச்சு. அந்தப் படம் பேர் இல்லாமலேயே எத்தனை குரூப்புக்குப் போச்சோ! திருப்பி வாங்க முடியலை. அன்னையிலிருந்து நம்ம பேரைப் படத்துக்கு வெளியிலதான் போடறேன்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்க வீட்டுப் பூஜை அறையில இருக்கிற ரொம்பப் பழைய முருகன் படத்தைப் போட்டோ எடுங்க. சட்டத்துக்குள்ள மறைஞ்ச ஓரத்தையும் சேர்த்து எடுங்க. குரூப்ல போடுங்க, எல்லாரும் சேர்ந்து பேரைப் படிப்போம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!