தில்லை மரமும் மீன்முள் வாய்க்காலும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை வழங்கியது ஒரு மரம். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கவல்ல பாலைச் சுரக்கும் அம்மரமே கோயிலின் தலமரமாகப் போற்றப்படுகிறது. ஆயினும், அது காடாய் வளர்ந்திருப்பதைக் காண விரும்புவோர் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று பிச்சாவரத்தை அடைதல் வேண்டும். கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் கழிமுகங்களுக்கு இடையே சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் செறிந்த அலையாத்திக் காடு அங்கே உள்ளது.

இக்காட்டின் பெரும்பகுதி ஒரு காலத்தில் வெற்றுச் சேற்றுநிலமாய்க் கிடந்தது. விறகு வெட்டியோரும் ஆடுமாடு மேய்த்தோருமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. எளியோர் மீது பழி சுமத்துவது எளிதன்றோ!

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள் வரை, காட்டைக் கூறுகளாகப் பிரித்து ஒவ்வொரு கூற்றையும் அடியோடு வெட்டும் முறையை அரசே கையாண்டு வந்தது. நிழலை இழந்த சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. நிலம் கிண்ணம்போல் குழிந்தது. உட்புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மட்டும் எஞ்சியது. அம்மண்ணில் எவ்விதையும் வேரூன்றவில்லை.

இந்நிலையில், ஆடு மேய்ப்பவரிடம் 'உன் பழக்கத்தை மாற்றிக்கொள்' என்று ஆயிரம் முறை அறிவுறுத்தியிருந்தாலும் ஒரு மரமும் முளைத்திராது. முதலில் மாறவேண்டியது கொள்கையே. மீன்முள் வடிவில் நடுவாய்க்காலும் அதன் இருபுறமும் கிளைவாய்க்கால்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன.

தனிமனிதரின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. பல நாள் உழைத்து நட்ட கன்றுகளை ஒரு காலைப்பொழுதில் மேய்ந்துவிட ஒரு மந்தை போதும். ஆகவே, வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து காட்டைப் பேணும் முறை உருவாயிற்று. நட்ட பகுதியில் கால்நடைகளை விடாதிருத்தலும் பச்சை மரத்தை வெட்டாதிருத்தலும் ஊராரே ஏற்ற கட்டுப்பாடுகளாயின. விறகுக்கும் வருவாய்க்கும் மாற்றுவழி காட்டாமல் இத்தகைய கட்டுப்பாட்டைக் கோருவது முறையாகாது. கழியில் கைகளால் துழாவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர் குடும்பங்களுக்குத் தோணியும் வலையும் கிடைத்தது இம்முயற்சியின் தவிர்க்கவியலாத பகுதியாகும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியது. மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என 2005இல் ஆய்வாளர்கள் எழுதினர். நிலத்தின் உயரமும் கடலிலிருந்து ஊர் அமைந்த தொலைவுமே காரணம் எனச் சிலர் மறுத்தனர். காடு அலையின் வேகத்தை எவ்வளவு தணித்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அக்காட்டின் வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டேதான் இருக்கிறது. தூர்வாரத் தவறினால் நீர் மீண்டும் தேங்கும்; உப்பு மீண்டும் ஏறும். மண்வெட்டியுடன் சேற்றில் இறங்குவோர் அக்கரையோரத்து ஊரார்தாம்.