அநீதி ஊரை அழிக்கும்: இப்னு கல்தூன் தரும் பாடம்



1332-இல் துனிஸில் பிறந்து, பிற்காலத்தில் கெய்ரோவில் காழியாக இருந்த அறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்), 'முகத்திமா' நூலில் ஆட்சிகள் ஏன் சரிகின்றன என்று ஆராய்கிறார்.

உழைப்பின் பலன் பறிபோகும் என்று தெரிந்தால் மக்கள் உழைப்பதையே விட்டுவிடுவார்கள். சந்தை மந்தமாகும்; ஊர் வெறிச்சோடும்; கடைசியில் அரசின் கருவூலமும் வற்றும் என்கிறார்.

பொருளைப் பறிப்பது மட்டுமா அநீதி? முறையற்ற வரியும் அநீதியே. கூலியின்றி வேலை வாங்குவதை மிகக் கொடிய அநீதிகளில் ஒன்றாக அவர் எண்ணுகிறார். ஏனெனில், உழைப்பாளிக்கு உழைப்புதான் சொத்து.

ஆட்சியாளர்களைக் குறை சொல்வது எளிது. நம் கடையிலும் வீட்டிலும் வேலை செய்பவருக்கு நாம்தானே பொறுப்பாளி? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். யாருக்கு என்ன பாக்கி என்று இன்றே கணக்குப் பார்ப்போம்.

அநீதி இழைப்பதை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.